என் பெயர் ஒட்டிய டப்பா

ஒரு இருட்டுப் பெட்டிக்குள், சுண்டுவிரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று பச்சையாக ஒளிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். குழாய்மேல் ஒட்டியிருந்த சீட்டில் என் பெயர் இருந்தது: அஞ்சலை, பெண், 47. உள்ளே இருந்தது என்னுடையது இல்லை. அது எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. இரண்டு நாள் அப்படியே வாயை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அந்த இரண்டு நாளில் நான் செத்திருக்க வேண்டியது. என்னைவிடச் சின்ன உயிர் ஒன்றுக்கும் ஆபத்து வந்திருக்கும். இப்போது உடம்பு தேறி, சத்துணவுக் கூடத்துக்குத் திரும்பி, பிள்ளைகளுக்கு முட்டை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். விசாரிக்கிறவர்களிடம் எல்லாம் "காய்ச்சல்தான், சரியாப் போச்சு" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது. நடந்ததை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திண்டிவனத்தில். பக்கத்து ஊர்ப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். வீட்டுக்காரர் தனபாலுக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக ரைஸ் மில்லில் வேலை. உமித்தூசியில் நின்று நின்று அவருக்கு எப்போதும் இருமல். தெருமுனையில் இருமும்போதே நான் சோற்றை எடுத்து வைப்பேன். மகள் சங்கீதா பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெயர் வைப்பதில் இரண்டு வீட்டாருக்கும் இழுபறி, அதுவரை பாப்பா. அந்தப் பாப்பா யார் கையில் கொடுத்தாலும் கத்தும். தாத்தா மில்லிலிருந்து வந்து, குளித்துவிட்டு மல்லாந்து படுத்து, மார்பின் மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டால் மட்டும் தூங்கும்.

மழை பிடித்த சமயம். கூடத்துக்கு முருங்கைக்கீரை வேண்டும் என்று ஏரிக்கரைப் புதர் ஓரம் போய்ப் பறித்துக்கொண்டு வந்தேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. கீரைக்கும் காய்ச்சலுக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். தெரு டாக்டரிடம் இரண்டு ஊசி. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போலத் தலைவலி. எட்டாம் நாள் நாலு படி ஏறவே மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் நெஞ்சில் வெள்ளைத் திட்டுகள் இருப்பதாகச் சொல்லி, "ஜல்தியா விழுப்புரம் கூட்டிக்கினு போங்க" என்றார்.

விழுப்புரத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அவர்கள் மேல் குறை ஒன்றும் இல்லை, தப்பு எங்களுடையது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை என்று வரிசையாக 'இல்லை' வந்தது. காய்ச்சல் மட்டும் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு இளம் டாக்டர் கட்டில் ஓரம் நின்று பொறுமையாகப் பேசினார்.

"டிபியா இருக்கலாம்மா. வேற காய்ச்சலாவும் இருக்கலாம். புதுசா ஒரு டெஸ்ட் இங்க ட்ரையல்ல இருக்குது. உங்களுக்குச் செலவு இல்ல. சளியும் ரத்தமும் குடுத்தா ஒரு மணி நேரத்துல கிருமி பேர சொல்லிடும். சம்மதம்னா கையெழுத்து போடுங்க."

போட்டேன். அந்த டெஸ்ட் செய்கிற பெண் ஹேமா, கோலியனூர்க்காரி. ரத்தம் எடுக்க வந்தவளிடம் இது என்ன சமாசாரம் என்று கேட்டேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. சத்துணவுக்கு வருகிற பருப்பு மூட்டையையே பிரித்து மோந்து பார்த்துத்தான் இறக்கிக்கொள்வேன்.

"கிருமிங்களையும் வைரஸ் தாக்கும்க்கா," என்றாள். "அதுல பொழைச்ச கிருமி, தன்ன தாக்குனதோட மரபணு எழுத்துல ஒரு துண்ட உள்ளயே பத்திரமா வச்சிக்கும். மறுபடி அதே வைரஸ் வந்தா, அந்தத் துண்ட வச்சி அடையாளம் கண்டுபுடிச்சி, கத்தரி மாதிரி ஒண்ணு போயி வெட்டிடும். அந்தக் கத்தரியதான் நாங்க எடுத்துக்கினோம். கிரிஸ்பர்னு பேரு."

இதே கத்தரியை வைத்துத்தான் மரபணுவில் தப்பு இருந்தால் வெட்டித் திருத்துகிறார்களாம். இங்கே திருத்துவது கிடையாது, தேடுவது மட்டும். கத்தரியின் கையில் டிபி கிருமியின் எழுத்தை விலாசச் சீட்டு மாதிரி கொடுத்துச் சளிக்குள் விடுகிறார்கள். அந்த விலாசம் கிடைக்கிறவரை அது எதையும் தொடாது. கிடைத்துவிட்டால், அதை வெட்டிவிட்டு வெறி வந்தாற்போல் பக்கத்தில் இருப்பதையெல்லாம் வெட்டும். அதற்கென்றே சின்னச் சின்ன இழைகளைக் கூடவே போட்டிருப்பார்கள். இழை அறுந்தால் வெளிச்சம் வரும். கிருமி இல்லாவிட்டால் குழாய் இருட்டாகவே கிடக்கும்.

"யாரு சளின்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாதுக்கா. கிருமி இருக்குதா இல்லியா, அவ்ளோதான். யாருன்றதுக்கு மேல ஒட்டிருக்கிற சீட்டுதான்."

ரத்தம் கொடுத்தாயிற்று. சளிதான் வரவில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஆழமாக இருமி எடுக்க வேண்டும் என்று மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்று தடவை கொண்டுபோய்க் கொடுத்தேன், மூன்று தடவையும் "இது எச்சில்மா, சளி இல்ல" என்று திருப்பிவிட்டார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வராண்டாவில் நின்று காறிக் காறித் துப்பியதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கையிலிருந்து டப்பாவை வாங்கினார்.

"சளிதான வேணும்? இரு, வர்றேன்."

பாத்ரூம் பின்னாடி போய் வந்தார். அவருக்கு எப்போது கேட்டாலும் வரும். டப்பாவில் பாதி இருந்தது. நான் பதறினேன். அவர் சிரித்தார்.

"யாருதா இருந்தா இன்னா? உன் பேருதான ஒட்டிருக்குது."

எங்கள் வீட்டில் அது புதிது இல்லை. ரேஷன் கடையில் யார் விரல் வைத்தாலும் ஐந்து பேர் அரிசியும் வந்துவிடும். நூறு நாள் வேலையில் நான் போக முடியாத அன்று என் நாத்தனார் போய் நின்றிருக்கிறாள். அவர் பேங்கு செலானில் அவர் கையெழுத்தை அவரைவிட நான் அழகாகப் போடுவேன். ஒருத்தர் முடியாமல் கிடந்தால் இன்னொருத்தர் அந்த இடத்தில் போய் நிற்பதுதான் குடும்பம் என்று இருந்தோம். எச்சில் என்று திருப்பிவிடுகிறார்களே, சளி என்று ஒன்று உள்ளே போனால் சரி என்று எனக்கும் பட்டது. நானும் சிரித்தேன். நானே என் கையால் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹேமா திறந்து பார்த்து, "இதான் சளி, சூப்பர்க்கா" என்றாள்.

மதியம் டாக்டர் முகம் மாறி வந்தார். டிபி இருக்கிறதாம், நிறையவே இருக்கிறதாம். நான் நம்பாமல் விழித்ததைப் பார்த்து, அப்போதே ஹேமா என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய்ப் பெட்டியின் சின்ன ஜன்னல் வழியாகக் காட்டினாள். அந்தப் பச்சையைத்தான் முதலில் சொன்னேன். இலைப் பச்சை இல்லை, கிளிப் பச்சை இல்லை. இருட்டில் பூனைக்கண்ணில் வெளிச்சம் பட்டால் ஒரு பச்சை தெரியுமே, அது. பக்கத்தில் நாலைந்து குழாய்கள் இருட்டாக நின்றன. என் பெயர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பின்னால் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

வார்டுக்கு வந்ததும் காதோரம் குனிந்தார்.

"மிஷினு தப்பா சொல்லுது. எனக்கு இருக்கிறது மில்லு தூசி. டிபின்னா ஆளு இளைச்சிப் பூடுவான். நான் இளைச்சா இருக்கேன்? வெளிய சொல்லி பேஜாரு பண்ணாத."

நான் அவர் இடுப்பைப் பார்த்தேன். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை இரண்டு இருந்தது. எப்போது குத்தினார் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

என்னை மூலைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார்கள், எனக்கும் ஒன்று மாட்டினார்கள். டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். மறுநாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. மாத்திரையின் நிறம்தான், பயப்படாதீர்கள் என்றார்கள். அவர் நோய்க்கு நான் மாத்திரை தின்கிறேன், அவர் மருந்து என் உடம்பு வழியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டே அடுத்த மாத்திரையையும் விழுங்கினேன். விடை கிடைத்துவிட்டது என்று என் ரத்தம் இருந்த குழாயை அவர்கள் தொடவில்லை. ட்ரையலுக்கு எண்ணித்தான் கிட் வந்திருந்ததாம். என்னுடைய நிஜமான பதில் ஐஸ் பெட்டியில் உட்கார்ந்திருந்தது.

காய்ச்சல் இறங்கவில்லை, ஏறியது. அன்று சாயங்காலம் விளக்குப் போட்ட நேரம், கட்டிலுக்கு அடியிலிருந்து அவர் இருமுவது கேட்டது. கீழேதான் பாய் போட்டுப் படுத்திருப்பார். "தண்ணி குடிங்க" என்றேன். மறுபடி இருமல். மூன்று தடவை சொன்னேன். நர்ஸ் வந்து, "யார்கிட்டம்மா பேசுறீங்க? உங்க வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருக்காரு" என்றாள்.

"கீழ இருமுறாரே."

நர்ஸ் குனிந்து பார்த்தாள். சுருட்டி வைத்த பாய்தான் இருந்தது.

"நீங்கதான்மா இருமுறீங்க."

என் தொண்டையிலிருந்து அவர் இருமல் வந்துகொண்டிருந்தது. அதே இழுவை, கடைசியில் அதே விசில். காய்ச்சல் மண்டைக்கு ஏறினால் அப்படியெல்லாம் கேட்கும் என்று பிறகு சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த நிமிஷம் நான் யார், அவர் யார் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சீட்டில் என் பெயர், சளி அவருடையது. வாய் என்னுடையது, இருமல் அவருடையது. அந்தப் பயத்தை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால், ஆஸ்பத்திரியை ஏமாற்றியது வெளியே வரும் என்று பயந்தேன். அதற்கு மேல் இன்னொரு பயம். சொல்லாதவரை அது மிஷின் தப்பு, மில்லுத் தூசி. சொல்லிவிட்டால் அது அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மறுநாள் காலை, குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவர் திண்டிவனம் போனார். எனக்கு வலது, இடது தெரியாத ஜுரம். மதியம் போன் சத்தம் போட்டது. சங்கீதா படம் அனுப்பியிருந்தாள். அவர் மல்லாந்து படுத்திருக்கிறார். மார்பின்மேல் பாப்பா கவிழ்ந்து தூங்குகிறது. அவர் வாய் லேசாகத் திறந்திருக்கிறது, அதற்கு நேர்க் கீழே பாப்பாவின் மூக்கு. கீழே எழுதியிருந்தாள்: 'தாத்தா இல்லாம சரியாவே தூங்கலம்மா. இப்பதான் தூங்குறா.'

படத்தில் பச்சை எதுவும் இல்லை. என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. அவர் வாயிலிருந்து அந்தப் பூனைக்கண் வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழுந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

போன் போட்டேன்.

"பாப்பாவ தூக்குடி."

"இப்பதாம்மா தூங்குச்சு..."

"தூக்குடின்றேன்! தூக்கிக்கினு வெளிய வா. அப்பாகிட்ட குடுக்காத. நான் சொல்றவரைக்கும் குடுக்காத."

எழுந்து நிற்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள், டாக்டரும் வந்தார். அவர் ஏற்கெனவே என் ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிப்போய்த்தான் இருந்தார். ஈரல் கெட்டுக்கொண்டு வருகிறது, ரத்தத் தட்டுகள் குறைகின்றன, இவ்வளவு வேகமாக டிபி இதைச் செய்யாதே என்று.

"அது என்னுது இல்ல சார்," என்றேன். "அந்தச் சளி என்னுது இல்ல. எங்க வீட்டுக்காரருது. பாப்பா அவர் நெஞ்சு மேல தூங்குது சார்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரத்தத்த உடனே டெஸ்ட்ல ஓட்டுங்க" என்று ஹேமாவிடம் சொல்லச் சொன்னார். பிறகு திரையை இழுத்துவிட்டு, நர்ஸிடம் தலைமுதல் கால்வரை ஒரு இடம் விடாமல் பார்க்கச் சொன்னார். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், இடுப்பின் பின்பக்கம், சிகரெட் சுட்டாற்போல் கருப்பாக ஒரு பொருக்கு இருந்தது. நாடா அறுத்த புண் என்று நினைத்து நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த இடத்தை யாரிடம் காட்டுவது? புதரில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த இடமாம் அது. கீரை பறிக்கப் போன அன்று ஏறியிருக்கும். உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்றார் டாக்டர். அந்தக் கிருமியின் விலாசத்தைக் கொடுத்துப் பார்த்ததில், ஒரு மணி நேரத்தில் என் ரத்தம் இருந்த குழாயும் எரிந்தது. இந்தத் தடவை என் பெயரில் என்னுடையதே.

ஹேமா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபத்தில் அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ரெண்டு நாளா உங்க ரத்தத்த ஐஸ்ல வச்சிக்கினு இருந்தேன்க்கா. ஒரு வார்த்த சொல்லி இருக்கக் கூடாதா?"

டிபி மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை கொடுத்தார்கள். சாதாரண மாத்திரை, எந்த மெடிக்கலிலும் கிடைப்பது. ஒன்றரை நாளில் காய்ச்சல் விட்டது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் மூச்சுக்குக் குழாய் வைத்திருப்போம், அதற்கு மேல் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார்.

வீட்டுக்காரர் மறுநாள் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. சங்கீதா அவர் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிய விதம் அவரை என்னவோ செய்துவிட்டது. வாசலிலேயே நின்றார். மாஸ்க்கைக் கொடுத்ததும் மாட்டிக்கொண்டார். இன்னொரு டப்பாவில் இருமிக் கொடுத்தார். சீட்டில் ஹேமா அவர் பெயரை எழுதி, அவரையே உரக்கப் படிக்கச் சொல்லி ஒட்டினாள். பச்சையாக எரிந்த அந்தக் குழாயை அவரும் பெட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தன நாளா உள்ள இருந்துக்கினு ஒரு சத்தம் போடலியே," என்றார்.

"போட்டுக்கினுதான் இருந்துச்சு," என்றேன். "நாமதான் மில்லுன்னு சொல்லிக்கினு இருந்தோம்."

வழக்கமான மிஷினிலும் ஒரு தடவை சோதித்து உறுதி செய்தார்கள். அவருக்கு ஆறு மாத மாத்திரை. பாப்பாவுக்கும் சங்கீதாவுக்கும் சோதித்ததில் எதுவும் இல்லை. அதைச் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நோய் வராமல் காக்க என்று பாப்பாவுக்கு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தினமும் புகட்டச் சொன்னார்கள். புகட்டும்போதெல்லாம் அது முகத்தைச் சுளிக்கும். அவர் எட்ட நின்று பார்ப்பார். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் காற்றோட்டமாக அவருக்குக் கட்டில் போட்டோம். பாப்பா அழுதால் அவர் எழுந்து ரோட்டுக்குப் போய்விடுவார். சங்கீதா வேர்க்கடலையை வறுத்து, அவருக்குப் பிடித்த மல்லாட்டைச் சட்னியை அரைத்துத் தட்டில் வைத்து, கொட்டகை வாசலில் நின்று அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை பேசிக்கொண்டிருப்பாள்.

இரண்டு மாதம் கழித்து விழுப்புரம் போனோம். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் சளியில் கிருமி இல்லை. மாத்திரையை மட்டும் விடாமல் போடுங்கள், இனி மற்றவர்களுக்குத் தொற்றாது, குழந்தையைத் தூக்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்காரர் கேட்கவில்லை. நேராக ஹேமாவிடம் போய், "அந்தப் பெட்டில வச்சி காட்டும்மா. இருட்டா இருந்தாதான் நான் நம்புவேன்" என்றார்.

ஹேமா தயங்கினாள். "அது இப்பவும் எரிஞ்சாலும் எரியும்ண்ணா. செத்த கிருமியோட எழுத்தும் கொஞ்ச நாளைக்கு உள்ள கெடக்கும். எழுத்து கெடச்சா கத்தரி வெட்டிடும். உயிரோட இருக்குதா செத்துச்சான்னு அதுக்குத் தெரியாது. அதான் மைக்ராஸ்கோப்புல பாக்கிறது."

அவர் அந்த மூடிய பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்தது. எனக்கும் இன்னும் கண்ணை மூடினால் அந்தப் பச்சை வரும்.

வீட்டுக்கு வந்தும் கொட்டகையில்தான் போய்ப் படுத்தார். உள்ளே பாப்பா கத்திக்கொண்டிருந்தது. நான் தூக்கிக்கொண்டுபோய், கேட்காமல் கொள்ளாமல் அவர் மார்பின்மேல் கவிழ்த்துப் போட்டேன். கை இரண்டையும் தூக்கிக்கொண்டார், தொடவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாப்பா இரண்டு தடவை விசும்பியது, கன்னத்தை அவர் சட்டையில் தேய்த்தது, தூங்கிவிட்டது.

நான் ஏதோ சரியில்லை என்று உற்றுப் பார்த்தேன். தினமும் தூங்கும்போது மேலும் கீழும் ஏறி இறங்குகிற குழந்தை, அசையாமல் கிடந்தது. பதறிப்போய்க் குனிந்தேன். பாப்பா நன்றாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர்தான் விடவில்லை. கண்ணை இறுக மூடி, தொண்டை நரம்பு புடைக்க, மூச்சை உள்ளேயே பிடித்து வைத்திருந்தார்.

"யோவ்," என்றேன். "மூச்ச வுடுய்யா."